எங்கள் பேரில் ஒரு லாரி

அன்று கிராம நிர்வாக அலுவலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் அதிகாரி அம்மா. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வாசலில் தலையாரி. பட்டா மாறுதலுக்காக வந்திருந்த ஒரு பெரியவர். சுவரோரப் பெஞ்சில் வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர். பெஞ்சில் இடம் இருந்தும் உட்காராமல் நின்ற நான். இதை இப்படிக் கணக்காக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘லாரியை மறைச்சு வெச்சுக்கிட்டு ஏழைன்னு எழுதிக் கேட்டாங்க, நானே பார்த்தேன்’ என்று பின்னால் ஊருக்குள் யார் யாரோ சொல்லித் திரிந்தார்கள். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. ஐந்து பேர்தான்.

நாங்கள் கேட்டுப் போனது வருமானச் சான்றிதழ். அது இருந்தால் அரசாங்கத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைக்கும். அட்டை இருந்தால் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு அறுவை செய்வார்கள். இருபது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டிய மனிதர். இடுப்பு எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது உளுத்துப் போய்விட்டது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

“உள்ள வைக்கிற சாமானே லட்சத்துக்கு மேலே ஆகும்மா. அட்டை இருந்தா நீங்க ஒரு ரூபாய் தர வேண்டாம். ரெண்டு மாசத்துக்குள்ள கொண்டு வாங்க. தள்ளிப் போட்டா கால் குட்டையாகிக்கிட்டே வரும்” என்றார்.

அந்த ‘ரெண்டு மாசம்’ என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் தறிப் பட்டறையில் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூல்கட்டையைச் சுற்றித் தரும் வேலை. தார் சுற்றும்போதெல்லாம் கட்டையில் நூல் ஏறுவதைப் பார்த்து, அவருடைய கால் அந்த அளவுக்குக் குறைந்துகொண்டிருப்பதாக நினைப்பேன். அப்படி நினைக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடியும் அதையே நினைப்பேன். ஏழாம் வகுப்போடு நின்றவள். காகிதம் என்றாலே பயம். இரண்டு செராக்ஸ் போதும் என்றால் எட்டு எடுத்து வைப்பேன். எடுத்தது பைக்குள் இருக்கிறதா என்று பஸ்ஸில் ஏறியதும் பார்ப்பேன். இறங்குவதற்கு முன் இன்னொரு தரம் பார்ப்பேன்.

அதிகாரி அம்மா எல்லாக் காகிதங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடுகிற மாதிரிதான் பேனாவை எடுத்தார். அப்போது வாசலிலிருந்து தலையாரி எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, இவிங்களுக்குத்தான் லாரி இருக்குதுங்களே? பூசைக்கு நானுங்கூடப் போயிருந்தனுங்க. பொங்கல்ல முந்திரி நெம்பப் போட்டிருந்தாங்க.”

அவர் எங்களைக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பொங்கலைப் பாராட்டுகிற குரலில்தான் சொன்னார்.

அம்மா பேனாவை மூடினார். “லாரியா? யார் பேர்ல?”

“பேரு என்ற பேருதானுங்க. வண்டி எங்க முதலாளியோடதுங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“பேர் உங்க பேருன்னா வண்டி உங்களோடதுதாங்க. நம்பர் சொல்லுங்க.”

அவர் நம்பரைச் சொன்னார். எங்கள் ரேஷன் அட்டை எண்கூட அவருக்குத் தெரியாது. அந்த நம்பர் தெரியும். அம்மா செல்போனில் தட்டிவிட்டு எங்கள் பக்கம் திருப்பினார். பேர் பாதி மறைந்து, பாதி தெரிந்தது. தெரிந்த பாதி அவர் பேர்தான்.

“பன்னெண்டு சக்கர வண்டி. அது உங்க பேர்ல இருக்கும்போது வருசத்துக்கு எழுபதாயிரம்தான் வருமானம்னு நான் எழுதினா, நாளைக்கு என் வேலை போயிடும்மா.”

பட்டாவுக்கு வந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். “பன்னெண்டு சக்கரத்தை வெச்சுக்கிட்டு எதுக்குங்க இந்த நோவு? ஒரு சக்கரத்தைக் கழட்டி வித்தாலே ஆசுபத்திரிச் செலவு முடிஞ்சு போயிருமே.”

தலையாரி சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் அப்படித்தான், யார் என்ன சொன்னாலும் முதலில் சிரித்துவிடுவார். நான் மேசையில் இருந்த காகிதங்களை எண்ணிப் பைக்குள் வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் லாரித் தொழிலில் இது வழக்கம். ஒரு முதலாளிக்கு நாலைந்து வண்டிகள் மேல் கடன் நின்றால் ஃபைனான்ஸில் அவர் பேருக்கு மேற்கொண்டு கடன் தர மாட்டார்கள். அப்போது நம்பிக்கையான டிரைவர் ஒருவர் பேரில் வண்டியை எடுப்பார்கள். மாதத் தவணையை முதலாளி கட்டுவார். டிரைவர் கையெழுத்து மட்டும் போடுவார். யாரைக் கேட்கிறார்களோ அவருக்கு அது பெருமை. பத்து டிரைவர்கள் இருக்கையில் உன்னை நம்பி முப்பது லட்சத்துக்கு வண்டி எடுக்கிறார் என்றால் சும்மாவா! பூசையன்று முதலாளியம்மா எனக்குப் பட்டுப்புடவை கொடுத்து முன்னால் நிறுத்திக்கொண்டார். நான்கு சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது என் கை. கண்ணாடிக்கு மேலே முதலாளி பிள்ளைகளின் பேரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். டீசல் டேங்கின் மேல், சிவப்பில், சின்ன எழுத்தில், என் மகள் பேர். அதுவும் முதலாளியே சொல்லி எழுதவைத்ததுதான். மகளுக்கு அப்போது ஐந்து வயது. டேங்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் வந்தபோது நானும் எழுதிப் போட்டிருந்தேன். வாகனம் இருப்பதாகச் சொல்லித் தள்ளிவிட்டார்கள். எங்களிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. அதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, வந்த விலைக்கு அதை விற்றேன். அதுவும் போய், ஆயிரமும் வரவில்லை. ஏன் என்று அந்த அலுவலகத்தில் நின்றபோதுதான் விளங்கியது.

வெளியே வரும்போது அதிகாரி அம்மா என்னை மட்டும் கூப்பிட்டார். “உங்க முதலாளிகிட்ட, வண்டி தன்னுடையதுன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. தாசில்தார்கிட்ட நான் பேசிப் பார்க்கறேன்.” கெட்டவர் இல்லை. அதை இங்கே எழுதிவிட வேண்டும்.

கடிதம் கேட்க என் வீட்டுக்காரர் ஒப்பவில்லை. “ஸ்கேனுக்கு ஆறாயிரம் குடுத்தவரு அவரு. அவருகிட்டப் போயி எழுதிக் குடுங்கன்னு நிக்கச் சொல்றியா? என்ற மூஞ்சியை எங்க கொண்டு போயி வெக்கறது?”

“கால் போச்சுன்னா மூஞ்சியை வெச்சு நடப்பீங்களா?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு, இப்படிப் பேசிவிட்டேனே என்று அன்று முழுவதும் மனசு அடித்துக்கொண்டது.

முதலாளியிடம் போவதற்கு முன் தெரிந்த கதவையெல்லாம் தட்டினேன். டிரைவர்களுக்கு நல வாரியம் இருக்கிறது என்றார்கள். போனால், அவருடைய பதிவைப் புதுப்பிக்காமல் விட்டதில் காலாவதியாகிவிட்டது. மல்லசமுத்திரத்தில் ஓர் அறக்கட்டளை உதவி செய்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே இருந்த ஐயா பொறுமையாகக் கேட்டார்; வருமானச் சான்றிதழ் இருந்தால் நாங்களே ஒரு பங்கு தருகிறோம் என்றார். எங்கே போனாலும் அந்த ஒரே காகிதத்தில் வந்து முட்டியது. எங்கள் மகளிர் குழுத் தலைவி அக்கா, ஊரில் யாருக்கு என்ன மனு என்றாலும் முன்னால் நிற்பவர், ஒரு யோசனை சொன்னார்.

“புருசன் உட்டுட்டுப் போயிட்டான்னு எழுதிரு அம்மிணி. உனக்குத் தனி ரேசன் கார்டு, தனி வருமானம். எவனும் கேக்க மாட்டான்.”

“அறுவையே அவருக்குத்தானுங்களே அக்கா?”

“அட ஆமா, அந்த ஆளுக்குத்தான் அறுவை!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்கும் போனேன். வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிறவர், ‘என் கணவர் பெயரளவில் மட்டுமே உரிமையாளர்’ என்று நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தார். வரிசையில் நின்று கொடுத்தேன். ரசீது தந்தார்கள். அதைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு வைத்துக்கொண்டு வந்தேன். அந்த மனு கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு என்று இறங்கி இறங்கி, கடைசியில் எங்கள் ஊர் அதிகாரி அம்மாவின் மேசைக்கே வந்து சேர்ந்தது.

“உங்க மனு என்கிட்டதான் வந்திருக்கும்மா” என்றார் அவர், எனக்காக வருத்தப்பட்டு.

வேறு வழி இல்லாமல் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் நாமக்கல் பஸ் ஏறினேன்.

முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். “வா சாமி, உக்காரு. அவன் எப்பிடி இருக்கறான்?” காபி வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். நடுவில் இருந்து தொடங்கி, முன்னால் போய், மறுபடி நடுவுக்கு வந்தேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் எழுதித் தந்தா, பொய்க்கு இன்னொருத்தன் பேர்ல கடன் வாங்கினேன்னு ஆயிரும் அம்மிணி. மத்த வண்டியெல்லாம் ஃபைனான்ஸ்காரன் ஓட்டிட்டுப் போயிருவான். வாடகை இல்ல, டீசல் விக்கிற விலைக்கு ஒண்ணும் நிக்கறதில்ல. ஒரு வருசம் பொறு சாமி. கடன் முடிஞ்சதும் நானே பேரை மாத்தறேன்.”

“டாக்டரு ரெண்டு மாசம்னு சொன்னாருங்க. அதுல பாதி போயிருச்சுங்க.”

“டாக்டருங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க.”

“வண்டி இப்ப எங்கீங்க இருக்குது?” ஏன் கேட்டேன் என்று தெரியாது. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டிருப்பேன்.

“அஸ்ஸாமுக்கு லோடு ஏத்திப் போயிருக்குது. வர்றதுக்கு இருபது நாளாகும்.”

கிளம்பும்போது ஆயிரம் ரூபாயை என் கையில் வைத்து அழுத்தினார். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஊரைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள். ஒரு பட்டறைக்குப் பின்னால், வேலிக்காத்தான் மறைவில், தார்ப்பாய் போட்டு மூடி ஒரு வண்டி நின்றது. பாய் முழுசாக எட்டவில்லை. கீழே டீசல் டேங்க் தெரிந்தது. அதில் சிவப்பு எழுத்தில் என் மகள் பேர்.

பஸ் போய்விட்டது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண், “ஏனக்கா, ஏதாச்சும் உட்டுட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டாள்.

அஸ்ஸாமுக்குப் போன வண்டி ஏன் இங்கே நிற்கிறது என்பது நான்கு நாள் கழித்து விளங்கியது. பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, இடுப்பில் பை. மரியாதையாகத்தான் பேசினார்கள்.

“ஏனுங்க, ஓனரு இருக்கறாருங்களா?”

“எந்த ஓனருங்க?”

“லாரி ஓனருங்க. ஃபைனான்ஸ்ல இருந்து வர்றமுங்க. அஞ்சு மாசத் தவணை நிக்குதுங்க. போன் எடுக்கறதில்ல.”

அவர்கள் கேட்டது என் வீட்டுக்காரரை. ரேஷன் அரிசி வேகிற அடுப்புக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர்தான் லாரி ஓனர். அதில் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் காரை பெயர்ந்த இடத்தையும் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குதுங்க ஓனரு பங்களா” என்றார்.

என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்தே பேசினார். “முதலாளி கட்டிருவாருங்க. நான் பேசறனுங்க.”

“உங்க முதலாளி ஆருன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. எங்களுக்கு நீங்கதான். வண்டி எங்க நிக்குதுன்னு சொல்லிருங்க, நாங்க எடுத்துக்கறோம். இல்லாட்டிப் போனா உங்க மேலதான் கேசு.”

“அஸ்ஸாமுக்குப் போயிருக்குதுங்க.” அவர் அதை நம்பித்தான் சொன்னார். முதலாளி போனில் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அவர்கள் கிளம்பத் திரும்பினார்கள். தண்ணீர் கேட்டார்கள். நான் சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதையெல்லாம் எழுதினால் முடியாது. வண்டியை எடுத்தால் விற்பார்கள். விற்றால் பேர் மாறும். பேர் மாறினால் அதிகாரி அம்மா கையெழுத்துப் போடுவார். அதே சமயம் முதலாளி, அவர் போட்ட சோறு, என் பட்டுப்புடவை, ஸ்கேன் பணம், போன வாரம் கையில் அழுத்திய ஆயிரம். வீட்டுக்காரர் இனி இந்தத் தொழிலில் எந்த முதலாளி முன்னாலும் நிற்க முடியாது. இனி அவர் ஓட்டவே போவதில்லையே என்றும் நினைத்தேன். சொம்பை அவர்களிடம் நீட்டினேன்.

“அஸ்ஸாமுக்குப் போவலீங்க” என்றேன். பட்டறை இருக்கும் இடத்தைச் சொன்னேன். தார்ப்பாயைச் சொன்னேன். டேங்கில் இருக்கிற பேரைச் சொன்னேன்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர்கள் வண்டியை எடுத்துப் போனதும் முதலாளியிடமிருந்து போன் வந்தது. முதலாளி என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்ப, “சரிங்க… ஆமாங்க… சரிங்க” என்று மட்டும் சொன்னார். போனைக் கீழே வைத்தார். பிறகு மகளிடம், “உங்கம்மாகிட்டச் சொல்லு, இனிமே அந்த ஊட்டுப் பக்கம் யாரும் போவ வேண்டாம்னு” என்றார். நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றேன். அதன் பிறகு வெகுநாள் எனக்கான பேச்செல்லாம் மகள் வழியாகவே வந்தது. “அம்மாகிட்டச் சொல்லு, சோத்துக்கு உப்பில்லைன்னு.” மகள் என்னிடம் வந்து, “உப்பில்லையாம்” என்பாள். ஒரு நாள் அவளே சலித்துப்போய், “ரெண்டு பேரும் போன்ல பேசிக்கங்க” என்றாள்.

வண்டியை ஏலம் விட்டு, வாங்கியவர் பேருக்கு அது மாறி முடிவதற்குள் டாக்டர் சொன்ன இரண்டு மாதம் தாண்டிவிட்டது. அதிகாரி அம்மாவுக்கு நான் தினமும் போன் செய்தேன். ஒருநாள் அவரே கூப்பிட்டார். “நம்பர் போட்டுப் பார்த்தேன்மா. வேற பேர் வருது. நாளைக்கே வாங்க.” போனேன். தலையாரி எழுந்து பெஞ்சைத் துடைத்துவிட்டு, “உக்காருங்கக்கா” என்றார். அன்றைக்கு அவர் லாரியைப் பற்றிப் பேசவில்லை.

சான்றிதழ் வந்தது, அட்டை வந்தது, ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. அறுவைக்கு அழைத்துப்போக ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது பச்சை உடுப்பில் அவர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். என் கையைப் பிடித்தார். அத்தனை நாளுக்குப் பிறகு நேராக என்னிடம் கேட்டது இதுதான்.

“வாங்குனவன் டேங்குல பாப்பா பேரை அழிச்சிருப்பானா?”

“அழிச்சிருப்பானுங்க.”

“அழிச்சுத்தான் இருப்பான்” என்றார். சக்கரம் உருள ஆரம்பித்தது.

இப்போது அவர் நடக்கிறார். தள்ளிப் போனதால் வலது கால் ஒரு விரல்கடை குட்டை. செருப்புக்கு அடியில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம். லோடு ஏற்றும் ஓர் அலுவலகத்தில் இரவுக் காவல் வேலை. முதலாளியை ஒருநாள் கடைவீதியில் பார்த்தோம். இவர் கும்பிட்டார். அவர் மறுபக்கம் போய்விட்டார். அவரிடம் இப்போது ஒரு வண்டிதான் மிச்சம் என்று கேள்வி.

நான் கணக்குப் போடாமல் விட்டது ஒன்று. வண்டி போனால் கடனும் அதோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். ஏலத்தில் வந்த விலை கடனுக்குப் பற்றவில்லை. மீதிக்கு வக்கீல் நோட்டீஸ் என் வீட்டுக்காரர் பேருக்கு வந்தது. லாரி வேறு பேருக்குப் போய்விட்டது. கடன் மட்டும் எங்கள் பேரிலேயே தங்கிவிட்டது. அதை முதலாளியிடம் கேட்க எனக்கு முகமும் இல்லை, வாயும் இல்லை.

ஃபைனான்ஸ் அலுவலகத்துக்குப் போய், மாதம் மூவாயிரம் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். வாகனம் இல்லை என்று ஆனபின் மறுபடி எழுதிப் போட்டதில், பெண்களுக்கான அந்த ஆயிரம் ரூபாய் இப்போது எனக்கும் மாதாமாதம் வருகிறது. வந்த அன்றே எடுத்து, தார்க்கூலியில் இரண்டாயிரம் சேர்த்துக் கட்டிவிடுகிறேன். ரசீதுக்கும் இரண்டு செராக்ஸ். போன மாதம் கட்டியது போக இன்னும் நிற்பது இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய்.